ரிட்டர்ன் டிக்கெட் எடுத்த தண்ணி!

டூர் என்றால் நமக்கெல்லாம் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு. அதற்கு மேலே யோசிக்க மாட்டோம். கோயம்புத்தூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிற திருப்பூரில் பஸ் நின்றால், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுவோம். மிஞ்சிப் போனால் காதர்பேட்டையில் இறங்கி, நாலு டி-ஷர்ட்டைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடிப்போம். அடுத்த தடவை கொஞ்சம் இறங்குங்க பாஸ்! அந்த ஊரில் பார்க்க வேண்டிய அயிட்டம் ஷோரூமில் இல்லை. சாயப்பட்டறையின் கொல்லைப்பக்கத்தில் இருக்கிறது. விறகு எரிகிற பாய்லரும், அதிலிருந்து ஆவியாகக் கிளம்பி, பட்டறை முழுக்க ஒரு ரவுண்டு அடித்துவிட்டு மறுபடி அதே பாய்லருக்குள் வந்து சேருகிற தண்ணியும்தான் அது.

மங்கலம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது வீடுகளுக்கு மேலே தலைநீட்டுகிற புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டே வாங்க. பத்தைத் தாண்டினதும் எண்ணுவதை விட்டுவிடுவீங்க. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பாய்லர், ஒவ்வொரு பாய்லருக்கும் ஒரு விறகு மைதானம். கிளாஸ்மேட்டின் சித்தப்பா போட்ட ஒரு போன்காலில் எனக்கு ஒரு பட்டறையின் கேட் திறந்தது. (கேட்டில் இருந்த செக்யூரிட்டி என் ஐ.டி. கார்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தது தனிக் கதை.)

முதலில் வாசனை. ஒரு பக்கம் சாயமும் சோடாவும் கலந்த நெடி, இன்னொரு பக்கம் வெட்டிப்போட்ட மர வாசம். லாரியிலிருந்து இறங்குவது பெரும்பாலும் சீமைக்கருவேலம். தமிழ்நாட்டில் எல்லாரும் வெட்டிப்போடச் சொல்கிற அதே முள்மரம், இங்கே எடைமேடை ஏறி ரேட் பேசப்பட்டு வருகிறது. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் 'டணங்' என்று சத்தம் வரணும். 'தொப்' என்றால் ஈர விறகு. ஈர விறகு என்றால், மரத்துக்குள் இருக்கிற தண்ணியைக் காய்ச்சவே தீயில் ஒரு பங்கு போய்விடும். காசு கொடுத்துத் தண்ணி வாங்கின கதைதான்.

ஓரளவு காய்ந்த விறகு ஒரு கிலோ எரித்தால் சுமார் மூணரை கிலோ நீராவி கிடைக்கும். மணிக்கு 3 டன் நீராவி தருகிற நடுத்தர பாய்லர் ஒன்றை எடுத்துக்குங்க. முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 850 கிலோ விறகு காலி. இருபது மணி நேரம் ஓடினால் 17 டன். ஒரே ஒரு பாய்லர், ஒரே ஒரு நாள்! மெக்கானிக்கல் மக்களே, ஸ்டீம் டேபிள் புத்தகத்தை எக்ஸாம் ஹாலுக்கு மட்டும் எடுத்துப்போகும் பழக்கத்தை விட்டுவிட்டு இங்கே கொண்டுவாங்க. அதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் இங்கே கட்டையாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

இனி பாய்லர். 'பாய்லர் மவுன்டிங்ஸுக்கும் அக்சசரீஸுக்கும் என்ன வித்தியாசம்?' என்று வைவாவில் கேட்டு நம்மை விழிக்க வைப்பார்களே, அந்தப் பட்டியல் முழுக்க இங்கே சுவரில் தொங்குகிறது. சேஃப்டி வால்வ், பிரஷர் கேஜ், ஃபியூசிபிள் பிளக், புளோ டவுன் காக்... சார்ட் பேப்பரில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்ததெல்லாம் எண்ணெய் பிசுக்கோடு, சூடாக! ஆனால் இவற்றை எல்லாம் விட நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது, ஒரு வெறும் குழாயை.

நான் பார்த்த பாய்லரின் அமைப்பு இதுதான். மேலே படுத்திருக்கிற ஒரு பெரிய உருளை, அதற்குள் தண்ணி. கீழே விறகு எரிகிற அடுப்பு. அடுப்பின் சுவர்கள் செங்கல் இல்லை. நெருக்கமாக நிற்க வைத்த இரும்புக் குழாய்கள், அவற்றுக்குள்ளும் தண்ணி. மேலே இருக்கிற உருளையிலிருந்து தடிமனான ஒரு குழாய் தீயின் பக்கமே போகாமல் வெளிப்புறமாகக் கீழே இறங்குகிறது. அடியில் இருக்கிற ஹெட்டரில் சேருகிறது. அங்கிருந்து தண்ணி பிரிந்து, தீயைப் பார்த்து நிற்கிற குழாய்களில் ஏறி, மறுபடி மேலே உருளைக்குப் போகிறது. இந்தச் சுற்றுக்குப் பம்ப் கிடையாது. வெளியே இறங்குகிற குழாயில் இருப்பது கனமான தண்ணி. தீக்கு முன்னால் நிற்கிற குழாயில் இருப்பது தண்ணியும் நீராவிக் குமிழிகளும் கலந்த லேசான சமாச்சாரம். கனமானது கீழே இறங்கி லேசானதை மேலே தள்ளுகிறது. தீ அதிகமானால் குமிழி அதிகம், குமிழி அதிகமானால் சுற்றும் வேகமாகும். கன்ட்ரோல் பேனல், சென்சார், சாஃப்ட்வேர் ஒன்றும் இல்லாமல் தன்னைத்தானே சரிப்படுத்திக்கொள்கிற சிஸ்டம்!

இது ஏதோ வெளிநாட்டு டெக்னாலஜி என்று நினைக்காதீங்க. கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் குளிக்க வெந்நீர் போடுகிற செம்பு பாய்லரைப் பார்த்திருக்கீங்களா? நடுவில் கரி, விறகு போடுகிற குழல், சுற்றிலும் தண்ணி. மேலே இருக்கிற புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊற்றினால், பக்கத்து மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வந்து விழும். புனலின் குழாய் அடிவரைக்கும் போகிறது. கனமான பச்சைத்தண்ணி அடியில் உட்கார்ந்து, மேலே மிதக்கிற சூடான தண்ணியை வெளியே தள்ளுகிறது. பாட்டிகளுக்கு டென்சிட்டி டிஃபரன்ஸ் என்ற வார்த்தை தெரியாது, அவ்வளவுதான்.

இந்தப் பம்ப் இல்லாத சுற்று ஏன் இவ்வளவு முக்கியம்? விறகுக்கு சுவிட்ச் கிடையாது, அதனால்தான். டீசலிலோ கேஸிலோ ஓடுகிற பாய்லரில் ஏதாவது தப்பு நடந்தால் பர்னர் 'டப்' என்று அணைந்துவிடும். விறகு அடுப்பில் கரண்ட் போனால் காற்றை உறிஞ்சுகிற ஃபேன் நிற்கும், தண்ணி ஏற்றுகிற பம்ப் நிற்கும். ஆனால் உள்ளே கனன்றுகொண்டிருக்கிற அரை டன் விறகிடம் போய் 'கரண்ட் இல்லை, கொஞ்சம் நில்லு' என்று சொல்ல முடியுமா? 2012-ல் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் பவர்கட் இருந்ததை வீட்டில் அண்ணன், அக்காக்களிடம் கேட்டுப் பாருங்க. அப்படிப்பட்ட நேரத்திலும் அடுப்புச் சுவர் உருகாமல் காப்பாற்றுவது, தானாகச் சுற்றுகிற அந்தத் தண்ணிதான். அதுவும் உள்ளே போதுமான தண்ணி இருக்கிற வரைக்கும்தான்.

சில பாய்லர்களில் இதற்கென்றே இன்ஜெக்டர் என்று ஒரு பித்தளைச் சாமான் இருக்கும். பாய்லரின் சொந்த நீராவியையே எடுத்து, அந்த வேகத்தில் வெளித்தண்ணியை இழுத்து, அதே பாய்லருக்குள் தள்ளும். சுற்றுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1858-ல் ஹென்றி கிஃபார் என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் கண்டுபிடித்தது. (அதற்கு ஆறு வருஷம் முன்னால் நீராவி இன்ஜின் வைத்த ஆகாயக் கப்பலில் பறந்த அதே ஆள்தான். சும்மா இருக்கவே மாட்டார் போல.)

பாய்லர் அட்டெண்டன்ட் அண்ணாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தீயின் வாயைத் திறந்து கட்டை எறிகிற பையன்களைத்தான் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோளில் தட்டினார்.

"தம்பி, தீய எல்லாரும் பாப்பாங்க. நீங்க அந்தக் கண்ணாடியப் பாருங்க."

பாய்லரின் முகத்தில் இரண்டு பக்கமும் கேஜ் கிளாஸ். உள்ளே தண்ணி எவ்வளவு இருக்கிறது என்பது அந்தக் கண்ணாடிக் குழாயில் தெரியும். இரண்டு ஏன்? ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். பாதிக் கண்ணாடியில் தண்ணி லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. ஆடினால் நல்லது, ஆடாமல் சிலை மாதிரி நின்றால் வழியில் எங்கேயோ அடைப்பு என்று அர்த்தம்.

"அண்ணா, தண்ணி கீழ போயிருச்சுன்னா உடனே பம்பப் போட்டுருவீங்களா?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியற வரைக்கும் போடலாமுங். தெரியவே இல்லீன்னா பம்பத் தொடவே கூடாதுங் தம்பி. மொதல்ல தீய வெளிய இழுத்துப் போடோணும்."

காரணம் சிம்பிள், ஆனால் பயங்கரம். தண்ணி வற்றினால் குழாய்கள் காய்ந்து பழுக்கும். பழுத்த இரும்பின் மேல் பச்சைத்தண்ணி பட்டால், அந்தத் தண்ணி கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகும், இரும்பும் விரிசல் விடும். 7 கிலோ அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணி சுமார் 240 லிட்டர் நீராவியாக விரியும். பாய்லரே வெடித்துவிட்டால் உள்ளே இருக்கிற கொதிநீரில் ஒரு பங்கு வெளிக்காற்றைப் பார்த்ததும் ஆவியாகப் பாயும். அப்போது ஒரு லிட்டருக்கு 1,700 லிட்டர் கணக்கு. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான் இந்தியாவில் பாய்லருக்கென்று சட்டமே வர ஆரம்பித்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923-ல் வந்தது. அதன் இடத்தில் இப்போது 2025-ன் புதுச் சட்டம். நம்ம அண்ணாவின் சர்டிஃபிகேட், கண்ணாடி ஃபிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது. நாம் நாலு வருஷம் படித்து வாங்கப் போகிற சர்டிஃபிகேட்டில் இவ்வளவு பொறுப்பு இருக்குமா என்று எனக்கு சந்தேகம்தான்.

சரி, ஆவியோடு கிளம்பலாம் வாங்க. பாய்லரின் உச்சியிலிருந்து வெளியே வருகிற மெயின் குழாய், வெள்ளிக் கலர் தகடு போர்த்திக்கொண்டு பட்டறைக்குள் நுழைகிறது. தகட்டுக்குள் கிளாஸ் உல் மெத்தை. நடுவழியில் ஓரிடத்தில் குழாய் நேராகப் போகாமல் ஆங்கில 'யு' எழுத்து மாதிரி வளைந்து போகிறது. தூணுக்கு வழிவிட்டிருக்கிறார்கள் என்றுதானே நினைப்பீங்க? அங்கே தூணே இல்லை! முப்பது மீட்டர் இரும்புக் குழாய் முப்பது டிகிரியிலிருந்து 170 டிகிரிக்குச் சூடானால் ஐந்து சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்சியை விழுங்கத்தான் இந்த வளைவு. இல்லாவிட்டால் காலையில் பாய்லரைப் பற்றவைத்ததும் குழாய் சுவரைத் தள்ளும், அல்லது ஜாயின்ட்டைப் பிய்க்கும்.

இன்னொன்றையும் கவனியுங்க. குழாய் ரொம்ப லேசாகச் சரிந்திருக்கும், ஆவி போகிற திசையிலேயே கீழ்நோக்கி. போகிற வழியில் கொஞ்சம் ஆவி குளிர்ந்து தண்ணியாகும். அந்தத் தண்ணி குழாயின் அடியில் தேங்கினால், பின்னால் வேகமாக வருகிற ஆவி அதை உருட்டித் திரட்டி, தண்ணிக் கட்டியாகவே அடுத்த வளைவில் போய் அறையும். சுத்தியலால் அடிக்கிற மாதிரி 'டமார்'! வாட்டர் ஹேமர் என்று நாம் ரெண்டு மார்க்குக்குப் படித்தது இதைத்தான். வால்வே உடைந்து தெறித்த கதைகள் உண்டு. அதனால்தான் சரிவு, அதனால்தான் இடையிடையே தண்ணி வடிய அடியில் ஒரு பை, அதனால்தான் கிளைக் குழாய்களை மெயின் குழாயின் முதுகிலிருந்து எடுக்கிறார்கள், வயிற்றிலிருந்து அல்ல. நம்ம ஹாஸ்டல் பிளம்பிங் போட்டவருக்கும் யாராவது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்!

ஆவி போய்ச் சேருகிற இடம் சாஃப்ட் ஃப்ளோ மெஷின். உள்ளே கயிறு மாதிரி முறுக்கிய பனியன் துணி, சாயத்தண்ணியோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பிளீச்சிங் என்றால் கொதிநிலைக்குக் கிட்டத்தில், பருத்திக்குச் சாயம் என்றால் பெரும்பாலும் 60 டிகிரியில். ஆவி நேராகத் துணி மேல் படாது. பக்கத்தில் இருக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போய், தன் சூட்டைச் சாயத்தண்ணிக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணியாகிவிடும். ஒரு கிலோ ஆவி தண்ணியாக மாறும்போது விடுகிற சூடு சுமார் 2,050 கிலோ ஜூல். வேலை முடிந்தது. இந்தத் தண்ணி இனிமேல் எதற்கு?

இங்கேதான் நல்ல பட்டறை எது, சுமார் பட்டறை எது என்று தெரிந்துவிடும். எக்ஸ்சேஞ்சருக்குக் கீழே கைப்பிடி அளவில் ஒரு இரும்பு முடிச்சு இருக்கும். ஸ்டீம் டிராப். ஆவியைப் பிடித்து நிறுத்தும், தண்ணியை மட்டும் வழிய விடும். மெயின் லைனில் இருக்கிற தட்டு வகை டிராப் பக்கத்தில் நின்றால் 'டிக்... டிக்...' என்று கடிகாரம் மாதிரி கேட்கும். சத்தம் இடைவிடாமல் சீறலாக மாறினால் அது கெட்டுவிட்டது, விறகு ஆவியாகக் காற்றில் போகிறது என்று அர்த்தம். சூடே இல்லாமல் ஊமையாக இருந்தால் அடைத்துக்கொண்டது, மெஷின் சூடாகாது. மாஸ்டர் சாயத்தில் தப்பு தேடுவார், தப்பு இந்த முடிச்சில் இருக்கும்.

டிராப்பைத் தாண்டிய தண்ணி ரிட்டர்ன் லைனில் ஏறி, பாய்லருக்குப் பக்கத்தில் உயரத்தில் நிற்கிற ஃபீட் டாங்க்குக்கு வருகிறது. அழுத்தம் குறைந்ததும் அதில் நூற்றுக்குப் பதிமூன்று பங்கு மறுபடி ஆவியாகிவிடும். டாங்க் தலையில் புகை மாதிரி வருவது அதுதான். டாங்க்கை ஏன் தூக்கி வைத்திருக்கிறார்கள்? 90 டிகிரி தண்ணியைப் பம்ப் உறிஞ்சப் பார்த்தால், பம்ப் வாயிலேயே அது கொதித்துக் குமிழியாகி, சரளைக்கல் அரைக்கிற சத்தத்தோடு இம்பெல்லரைத் தின்றுவிடும். மேலேயிருந்து தண்ணி தன் எடையாலேயே பம்புக்குள் இறங்கினால் அந்தப் பிரச்னை இல்லை. கேவிடேஷன் என்ற வார்த்தையைப் பக்கம் பக்கமாகப் படித்தும் புரியாதவர்கள் இந்த டாங்க்கைப் பார்த்தால் போதும்.

இப்போது கணக்கு. பாய்லருக்குப் போகிற தண்ணியின் சூடு 6 டிகிரி கூடினால் விறகில் ஒரு சதவீதம் மிச்சம் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 30 டிகிரி பச்சைத்தண்ணிக்குப் பதில் 90 டிகிரியில் போனால் பத்து சதவீதம். நம்ம 17 டன்னில் ஒன்றே முக்கால் டன், ஒரே நாளில்! அதோடு விடவில்லை. திரும்பி வருவது கிட்டத்தட்ட காய்ச்சி வடித்த தண்ணி, உப்பே இல்லை. இந்தப் பக்கத்து உப்புத் தண்ணியை அப்படியே கொதிக்க வைத்தால் குழாயின் உள்பக்கம் சுண்ணாம்பு படியும். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே எரிபொருள் 5 முதல் 8 சதவீதம் வரை எகிறும். அடி ஹெட்டரில் சேறு அடைத்துக்கொண்டால் அந்தத் தானாகச் சுற்றுகிற தண்ணியும் நின்று, குழாய் புடைத்து வெடிக்கும். சாஃப்ட்னர் வைத்துத் தண்ணியை மென்மையாக்குவதும், ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை அடித்தண்ணியைத் திறந்து விடுவதும் இதற்காகத்தான்.

இவ்வளவு லாபம் என்றால் எல்லாரும் திருப்பி எடுக்க வேண்டியதுதானே? எல்லாரும் எடுப்பதில்லை. பழைய வின்ச் மெஷின்களில் ஆவியை நேராகத் தண்ணிக்குள்ளேயே திறந்து விடுவார்கள், திரும்பி வர எதுவும் மிஞ்சாது. எக்ஸ்சேஞ்சரில் ஓட்டை விழுந்தால் சாயம் ரிட்டர்ன் லைனில் கலந்துவிடும். அது பாய்லருக்குள் போனால் நுரை பொங்கும். அந்தப் பயத்தில் சில இடங்களில் சூடான தண்ணியைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டு, பச்சைத்தண்ணியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டையை அடைப்பதை விட்டுவிட்டு லைனையே வெட்டுவது, காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி என்று எனக்குப் படுகிறது.

பட்டறையிலிருந்து பொடிநடையில் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனதை நம் அப்பா காலத்து விவசாயிகள் மறக்க மாட்டார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே வரக்கூடாது என்றது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் கழிவை ஆர்.ஓ.வில் வடிகட்டித் திரும்ப எடுப்பது, மிச்சமுள்ள உப்புத் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பையும் மீட்பது என்ற ஏற்பாடு ஒழுங்குக்கு வந்தது.

அந்த உப்புத் தண்ணியை எதை வைத்து ஆவியாக்குவது? பல இடங்களில் நீராவிதான். நீராவிக்கு? மறுபடி விறகு! ஆற்றுக்குள் சாயம் போகாமல் இருக்க, லாரி லாரியாக மரம் எரிகிறது. இதில் யார் பக்கம் பேசுவது என்று எனக்கு உடனே தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஆறு முக்கியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உத்தரவுக்கு அப்புறம், சூட்டையும் தண்ணியையும் திருப்பிக் கொண்டுவருகிற ரிட்டர்ன் லைன் முதலாளியின் சிக்கன சமாச்சாரமாக மட்டும் இல்லை. ஒவ்வொரு கெட்டுப்போன டிராப்புக்கும் எங்கேயோ ஒரு மரம் கூடுதலாக விழுகிறது. ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டாபிக் கிடைக்காமல் கூகுளைக் குடைகிற மக்களே, ஒரு பட்டறையில் போய் டிராப்களை மட்டும் எண்ணி, எத்தனை சீறுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்க. எந்த ரோபோவையும் விட உருப்படியான பிராஜெக்ட்.

போகிறவர்களுக்கு ரெண்டு டிப்ஸ். தெரிந்தவர் மூலமாகக் கேட்டுக்கொண்டு போங்க, நேராகப் போய் நின்றால் கேட்டிலேயே டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. வெறும் கையால் எந்தக் குழாயையும் தொடாதீங்க, வெள்ளித் தகடு போட்டிருந்தாலும். முடிந்தால் சாயங்காலம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கு அங்கே இருங்க.

நான் கிளம்பும்போது ராத்திரி ஷிஃப்ட்காரர் வந்தார். வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. நேராகக் கேஜ் கிளாஸுக்குப் போய் அடிக் காக்கைத் திறந்தார். 'புஸ்ஸ்...' என்று தண்ணி முழுக்க இறங்கியது. மூடினார். கண்ணாடியில் தண்ணி சட்டென்று பாதிக்கு ஏறி ஆடியது. இரண்டாவது கண்ணாடியிலும் அதே மாதிரி பார்த்துவிட்டு, டிபன் கேரியரை ஆணியில் மாட்டினார். "செரி, நீங்க கெளம்புங்கண்ணா" என்றார்.